தீராத வயிற்று வலி

எங்கள் வாசகர் வட்டம் சென்ற ஆண்டு பெண்களுக்கு மட்டும் ஒரு கிரைம் கதைப் போட்டி வைத்தது. ஏன் கிரைம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். கவிதைப் போட்டி என்றால் வழக்கமாக எழுதும் நாலு பேர்தான் எழுதுவார்கள். கிரைம் என்றால் எல்லோரும் படித்திருக்கிறோம், காரணம் அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்களில்தான் எங்களில் பலருக்கு வாசிப்பு தொடங்கியது. ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. இந்த ஜோடிகளை எங்கள் சொந்தக்காரர்களை விட நன்றாகத் தெரியும்.

வட்டத்தில் கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள், தையல் கடை வைத்திருப்பவர் இருக்கிறார். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எழுதச் சிரமம். அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக் கொடுத்தார். அதையும் போட்டியில் சேர்த்துக்கொண்டோம்.

நடுவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வக்கீல் ஒருவர், நான். ஒரே நாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாக் கதைகளையும் படித்தோம். பாதிக்கு மேல் கதைகளில் முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். புடவை விலகிக் கிடந்தாள். கூந்தல் கலைந்து கிடந்தாள். ஒரு கதையில் செத்த பிறகும் அழகாகக் கிடந்தாள். அவள் பெயர் என்ன, முந்தின நாள் என்ன சமைத்தாள், யாருக்கு எவ்வளவு சீட்டுப் பணம் பாக்கி என்று ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அந்த உடம்பைப் பார்த்த கண் மட்டும் மாத நாவல் அட்டையிலிருந்து வந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். "அடுத்த வருசம் ஒரு விதி போடுவோம் அக்கா. கதையில எந்தப் பொம்பளையும் சாகக் கூடாது." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கைதட்டல் உறுத்த ஆரம்பித்தது.

அந்த மாணவி தெரிந்து சொன்னாளோ தெரியாமல் சொன்னாளோ, இதே விதியோடு ஒரு பரிசு இருந்திருக்கிறது. பிரிட்டனில் பிரிட்ஜெட் லாலெஸ் என்ற திரைக்கதை எழுத்தாளர் 2018இல் ஸ்டாஞ்ச் புத்தகப் பரிசு என்று ஒன்றைத் தொடங்கினார். எந்தப் பெண்ணும் அடிக்கப்படாத, பின்தொடரப்படாத, பாலியல் வன்முறைக்கு ஆளாகாத, கொல்லப்படாத திரில்லர் நாவலுக்குப் பரிசு. பரிசுத் தொகை 2,000 பவுண்டு. முதல் பரிசு ஆஸ்திரேலியாவின் ஜாக் செராங் எழுதிய, கடலில் சிக்கிய அகதிகளைப் பற்றிய நாவலுக்குப் போனது.

கிரைம் எழுதும் பெண்களிடமிருந்தே இதற்கு எதிர்ப்பு வந்தது. ஆண்கள் இந்தக் கொடுமைகளைச் செய்கிறவரை அவை கவனிக்கப்படாமல் போகாதபடி எழுதிக்கொண்டே இருப்பேன் என்ற பொருளில் ஸ்காட்லாந்தின் வால் மெக்டெர்மிட் பதில் சொன்னார். இரண்டு பக்கத்திலும் பெண்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வன்முறைதான் கவலை.

இந்தச் சண்டை 2018இல் பிறந்ததும் இல்லை. 1986இல் அமெரிக்க எழுத்தாளர் சாரா பரெட்ஸ்கி, மர்ம நாவல்களில் பெண்கள் மீதான வன்முறை விலாவாரியாக வளர்ந்துகொண்டே போவதைப் பற்றி ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேசினார். அந்தப் பேச்சைச் சுற்றிச் சேர்ந்த பெண்களிடமிருந்து சிஸ்டர்ஸ் இன் கிரைம் என்ற அமைப்பு உருவானது. 1991இல் ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பெயரில் ஓர் அமைப்பு வந்தது. 1994 முதல் அவர்கள் ஸ்கார்லெட் ஸ்டிலெட்டோ என்ற சிறுகதைப் போட்டியை நடத்துகிறார்கள். கோப்பை ஒரு சிவப்புக் குதிகால் செருப்பு, குதிகால்தான் கத்தி. எழுதுகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும், கதையின் மையத்தில் செயல்படுகிற ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. யார் சாகக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. யார் சும்மா இருக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

இந்த இரண்டு விதிகளையும் எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் காலம் காலமாக ஒரு வாக்கியம் வரும். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர் மாறும், ஊர் மாறும், வயிற்று வலி மாறாது. சின்ன வயதில் இதைப் படித்துவிட்டு, பெண்களுக்கு மட்டும் இத்தனை வயிற்று வலி ஏன் வருகிறது என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "வாயை மூடு"ன்னு சொன்னா பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்பத்தா அதைத்தான் சொன்னது.

வயிற்று வலி உண்மையாகவும் இருக்கலாம். கவனிக்காமல் விட்ட கர்ப்பப்பைக் கோளாறு ஒரு பெண்ணை எந்த முடிவுக்கும் தள்ளலாம். அப்படியானால், ஏன் கவனிக்காமல் விட்டார்கள் என்ற கேள்வி வருகிறது. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் அந்த ஒற்றை வாக்கியம் கேள்வியை மூடிவிடுகிறது.

சட்டம் கேட்கச் சொல்கிறது. 1983இல் வந்த திருத்தமும், வரதட்சணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கிய 1986 திருத்தமும் பெண்கள் இயக்கங்கள் தெருவில் நின்று வாங்கியவை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கையல்லாத முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பெரியகுளமோ உத்தமபாளையமோ போக வேண்டும். எட்டாவது வருடம் இறந்தால்? போலீஸ் வழக்குப் பதியும், பிரேதப் பரிசோதனை நடக்கும். ஆனால் யாராவது சந்தேகம் சொன்னால் ஒழிய வீட்டார் சொன்ன காரணமே பெரும்பாலும் காகிதத்தில் ஏறும். யார் சந்தேகம் சொல்வது? பிறந்த வீட்டில் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகள் அந்த வீட்டில் வளர வேண்டும்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1986இல் ஓர் ஆங்கில இதழின் அட்டைக் கட்டுரை வழியாக அங்கே நடந்த பெண் சிசுக்கொலை நாட்டுக்குத் தெரியவந்தது. அப்போது தேனியும் உசிலம்பட்டியும் ஒரே மதுரை மாவட்டம். தேனி 1996இல்தான் தனி மாவட்டமானது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவானபோது தேனியும் அதில் இருந்தது. நாடு அதிர்ந்தது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் யாரும் அதிர்ந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும்.

கிரைம் கதையின் அடிப்படை வடிவமே எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை என்று இங்கேதான் எனக்குப் பட்டது. அந்த வடிவத்தில் ஒரு பிணம் இருக்கும், செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஒருவர் கண்டுபிடிப்பார். குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு போவார்கள், மிச்சம் இருக்கிற எல்லோரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போவார்கள். எங்கள் ஊரில் யார் செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற அக்கா ஒருவர் சொன்னார்: "ஜீப்புல பதினஞ்சு பேரு நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம். பதினஞ்சு பேருக்கும் தெரியும். மெட்டு ஏறி இறங்குற வரைக்கும் யாரும் அதப் பேச மாட்டோம்."

அந்த ஜீப்பில் துப்பு குறைவில்லை. கேட்கிறவர்தான் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கதைக்குள் எந்தப் பெண்ணும் சாகக் கூடாது என்று நாங்கள் விதி போட்டால் என்ன ஆகும்? வயிற்று வலி என்று எழுதிய கையும் எங்கள் கையும் ஒன்றாகிவிடும். பெண்ணின் பிணத்தைத் தூண்டில் புழுவாக்கும் கதை அவளை அவமதிக்கிறது, உண்மை. அந்தப் பிணத்தை அழகாக மறைத்துவிடும் விதியும் அவளுக்கு மரியாதை செய்யவில்லை.

இப்படிச் சொன்னதும் தலைமையாசிரியை சீலைக்காரியை இழுத்தார். தென் மாவட்டங்களில் அநியாயமாகச் செத்த பெண்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் வழக்கம் உண்டு. சில இடங்களில் கொன்றவர் வழிவந்தவர்களே பயந்து பொங்கல் வைக்கிறார்கள். "நாம மறக்கலையேம்மா, கும்பிடத்தானே செய்றோம்" என்றார் அவர். நான் அதைப் பல நாள் யோசித்தேன். மறக்கவில்லைதான். ஆனால் தெய்வமாகிவிட்டவளிடம் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. வருடத்துக்கு ஒரு சேலை சாத்தினால் கணக்கு தீர்ந்தது. வழக்கு மூடப்பட்டது என்று எழுதுவதற்குக் கோயில் கட்டுவதும் ஒரு வழி.

எங்கள் தலைக்கு மேலேயே அப்படி ஒரு கோயில் இருக்கிறது. கூடலூர் அருகே, தேனி, இடுக்கி எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம். வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து வழிவிடுகின்றன. குமுளியிலிருந்து ஜீப் போகிறது. பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தும் ஏறலாம். நான் இரண்டு முறை நடந்து ஏறியிருக்கிறேன்.

கண்ணகியைப் பெண்ணியவாதிகள் பலர் சந்தேகத்தோடு பார்க்கிறோம். கணவனின் தவறைப் பொறுத்துக்கொண்ட கற்பரசியாக அவளை மேடை போட்டு உட்கார வைத்து, நம்மை அடக்குவதற்கு அவளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் போட்டிக் கதைகளைப் படித்த பிறகு சிலப்பதிகாரத்தை வேறு மாதிரி பார்த்தேன். அதில் கொலை செய்யப்பட்ட உடல் ஒரு ஆணுடையது. விசாரிக்காமல் தண்டித்தது அரசு. உண்மைக் கள்வனான பொற்கொல்லனைத் தேடிக்கொண்டு கண்ணகி போகவில்லை. நேராக அரண்மனைக்குப் போனாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை அரசன் முன்னால் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அதில் அருளும் இல்லை, அசரீரியும் இல்லை. தடயம் இருந்தது, அதைச் சரிபார்க்கும் முறை இருந்தது, பதில் சொல்லும் கடமை உள்ளவன் முன்னால் அது நடந்தது.

1930இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் டிடெக்ஷன் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். டோரதி சேயர்ஸும் அகதா கிறிஸ்டியும் அதில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். பின்னாளில் இருவருமே அதன் தலைவர்களானார்கள். சேருகிறவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தெய்வ வாக்கு, மந்திர தந்திரம், தற்செயல் இவற்றையெல்லாம் வைத்துத் துப்பறியக் கூடாது. அந்தப் பட்டியலில் பெண்ணின் உள்ளுணர்வும் ஒன்று. பாதி விளையாட்டாக எழுதியதுதான். ஆனாலும், பெண்ணுக்குத் தெரிவது என்றால் அது உள்ளுணர்வாகத்தான் இருக்கும், நிரூபணமாக இருக்காது என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரையில் நிரூபணம் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. உள்ளுணர்வை நம்பித் தீர்ப்பு எழுதியவன் அரசன்தான்.

ஆனால் கண்ணகி கேட்டதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இல்லை. ஊர் எரிந்தது. வைகைக் கரையோடு மேற்கே எங்கள் மலை வரைக்கும் தனியாக நடந்து வந்தாள். எல்லாம் இழந்துவிட்டதால்தான் அவளால் அப்படிக் கேட்க முடிந்தது. இழப்பதற்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிற பெண் எப்படிக் கேட்பாள்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. போட்டிக்கு வந்த ஒரு கதையிலிருந்து வந்தது. எழுதியவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கதையில் புடவை விலகவில்லை. செத்துப்போன பெண்ணுக்குப் பெயர் இருந்தது. முந்தின நாள் அவள் தைத்து முடிக்காத ஒரு ஜாக்கெட் இருந்தது, ஊக்கு வைக்க வேண்டியதுதான் பாக்கி. வயிற்று வலி என்று வீட்டார் சொன்னது இருந்தது. அவள் கடைசியாக எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்பதை ஒரு சிறுமி நோட்டில் எழுதி வைத்திருந்தது இருந்தது. படித்து முடித்து மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் பரிசு இதற்குத்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

பிறகு தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார்: "இது இவளோட பெரியம்மா."

பெயரை மாற்றியிருந்தாள். தெருவை மாற்றியிருந்தாள். ஆனால் எங்கள் மாதிரி ஊரில் பெயரை மாற்றினால் போதாது. அந்தத் தையல் மிஷின் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். பரிசளிப்பு விழாவில் முதல் பரிசுக் கதையை மேடையில் படிப்பது எங்கள் வழக்கம்.

வக்கீல் படிக்க வேண்டும் என்றார். "இத்தனை வருசமா யாருமே கேக்கலைன்னு இப்பத்தானே பேசிக்கிட்டு இருந்தோம். ஒருத்தி கேட்டிருக்கா. அவ வாயையும் நாமளே மூடுறதா?" தலைமையாசிரியை கூடாது என்றார். செத்தவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளைக் கேட்காமல் அவள் அம்மாவின் சாவைக் கைதட்டலுக்கு வைப்பது எப்படி நியாயம் என்றார். இரண்டுமே எனக்குச் சரி என்று பட்டது. அதுதான் கஷ்டம்.

கடைசியில் கதையை எழுதியவளிடமே பேசினோம். அவள் தன் அக்காவிடம், அதாவது இறந்தவரின் மகளிடம், கதையைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். அந்தப் பெண் முழுவதும் கேட்டாளாம். ஊக்கு வைக்காத ஜாக்கெட் வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். பிறகு சொன்னாளாம்: "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் இன்னும் அந்த வீட்டுலதான் சோறு திங்கிறேன்."

நாங்கள் கதையைப் படிக்கவில்லை. முதல் பரிசு அறிவித்தோம், தலைப்பையும் எழுதியவர் பெயரையும் சொன்னோம், இந்தக் கதை இன்று வாசிக்கப்படாது என்று மட்டும் சொன்னோம். ஏன் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது.

அப்படியானால் நாங்களும் வயிற்று வலி என்று எழுதிவிட்டோமா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு வருடமாக இருக்கிறேன். எனக்கு இருக்கிற பதிலைச் சொல்கிறேன், அது முழுப் பதில் இல்லை என்று தெரிந்தே. இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். ஒன்றில் நடந்தது எழுதப்படவே இல்லை, காரணம் பொய்யாக எழுதப்பட்டது. இன்னொன்றில் நடந்தது எழுதப்பட்டுவிட்டது. அது இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது, எப்போது திறப்பது என்பது அவர்களில் ஒருத்தியின் முடிவு. கேள்வி கேட்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கான அடி யார் முதுகில் விழும் என்று பார்க்காமல் கேட்பது வேறொருத்தியின் உயிரை வைத்து நாம் வீரம் காட்டுவது. நல்ல விசாரணை அதிகாரி சாட்சியைக் காப்பாற்றிவிட்டுத்தான் சாட்சியத்தைக் கேட்பார். எழுதுகிறவருக்கும் அந்தக் கடமை உண்டு.

இந்தப் பதிலில் ஓட்டை இருக்கிறது. எங்கள் பொறுமை அந்த மகளைக் காக்கிறது, சரி. அதே பொறுமை அந்த வீட்டில் இன்னொருவரையும் காக்கிறது. வக்கீல் இதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் இன்னொன்றையும் சொன்னார். மூன்று ஆண்டு வரைக்குமான சிறைத் தண்டனைக் குற்றங்களுக்குத்தான் வழக்கை ஏற்கக் காலக்கெடு. கொலைக்கும், தற்கொலைக்குத் தூண்டியதற்கும் அப்படி ஒரு கெடு கிடையாது. அந்தப் பெண் படித்து முடித்து, வேலைக்குப் போய், சொந்தமாக ஒரு வீட்டில் சோறு தின்னும் நாளில் கேட்க நினைத்தாலும் கதவு சட்டப்படி பூட்டியிருக்காது. இதை நாங்கள் அவளிடம் சொல்லி அனுப்பினோம். பதில் வரவில்லை. பதிலுக்காக நாங்கள் நெருக்கவும் இல்லை. எங்களால் செய்ய முடிந்தது, அவள் சீக்கிரம் வேறு வீட்டில் சோறு தின்ன வழி பார்ப்பது. வட்டத்தில் ஓர் அக்கா அவளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார். கிரைம் கதைப் போட்டியின் வேலையில் அதுவும் சேர்ந்தது என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

அடுத்த போட்டிக்கு விதி எழுத உட்கார்ந்தோம். பெண் சாகக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்த மாணவி அதைத் தானே அடித்துவிட்டாள். பதிலுக்கு இரண்டு விதிகள் போட்டோம். ஒன்று, கதையில் யார் செத்தாலும் அவருக்கு ஒரு நேற்று இருக்க வேண்டும்: பெயர், வேலை, பாக்கி வைத்துவிட்டுப் போனது ஏதாவது. இரண்டு, கதையில் கேள்வி கேட்கிறவர் அதற்காக எதை இழக்கக்கூடும் என்பது வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

நிஜத்தில் நடந்ததை எழுதினால் என்ன செய்வது என்று தையல் கடை அக்கா கேட்டார். மூன்றாவது விதியாக அதை எழுதப் பார்த்தோம். எப்படி எழுதினாலும் அது ஒருத்தியின் வாயை மூடியது, இல்லாவிட்டால் இன்னொருத்தியைக் காட்டிக் கொடுத்தது. கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டோம். அப்படி ஒரு கதை வந்தால் அன்றைக்கு உட்கார்ந்து, அந்தக் கதைக்காக மட்டும் பேசி முடிவெடுப்பது என்று வைத்திருக்கிறோம்.